அல்பா 0.84 வந்தால் வினாக்கொத்து சரியா? திருமலைக் கரையோர ஆய்வு ஒன்றுக்கு உதவி வேண்டும்

கொட்டியாரம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் உளவியல் இறுதி வருட மாணவி. ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கும் தலைப்பு: "கரையோரப் பெண்களின் மனச்சோர்வில் கடற்றொழில் வருமான வீழ்ச்சியின் தாக்கம்". திருகோணமலையில் திருக்கடலூர், சல்லி, இறக்கக்கண்டி ஆகிய மூன்று இடங்களிலும் மீன்பிடிக் குடும்பங்களில் உள்ள பெண்களிடம் தரவு எடுக்கப் போகிறேன். மனச்சோர்வை அளக்க பீஎச்கியூ-9 வினாக்கொத்தின் தமிழ் வடிவம் (ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி). வருமானத்துக்கு நானே தயாரித்த கேள்விகள். பெயர்ப்பட்டியலை கிராம சேவகரிடம் எடுக்கலாம், அவரையே கூட்டிக்கொண்டும் போகலாம் என்று இருக்கிறேன். மார்கழி (டிசெம்பர்) முடிவதற்குள் தரவு எடுத்தாக வேண்டும்.

முன்னோடி ஆய்வாக 30 பேரிடம் கொடுத்ததில் குரோன்பாக் அல்பா 0.84 வந்தது. நூலகத்தில் இருக்கும் பழைய ஆய்வேடுகளில் இப்படி ஓர் எண்ணைப் போட்டு "நம்பகமும் தகுதியும் உறுதிப்படுத்தப்பட்டன" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார்கள். என் மேற்பார்வையாளர் அதை ஏற்க மாட்டேன் என்கிறார். நம்பகம் (பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது) வேறு, தகுதி (அளக்க வேண்டியதைத்தான் அளப்பது) வேறு, தகுதியைத் தனியாகக் காட்டு என்கிறார். எப்படிக் காட்டுவது? அதற்கு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் ஏதாவது சோதனை இருக்கிறதா?

கணக்கு மேசை:

நல்ல மேற்பார்வையாளர் கிடைத்திருக்கிறார் தங்கச்சி. அந்த ஒரு வரிக்காகத்தான் நான் பல வருடமாக மாணவர்களோடு மல்லுக்கட்டுகிறேன்.

அல்பா சொல்வது ஒன்றே ஒன்று: உங்கள் ஒன்பது கேள்விகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பது. எதைப் பற்றி ஏறி இறங்குகின்றன என்று அதற்குத் தெரியாது. களைப்பைப் பற்றி ஒன்பது விதமாகக் கேட்டு மேலே "மனச்சோர்வு" என்று தலைப்புப் போட்டாலும் அல்பா அழகாக வரும். இன்னொன்று, கேள்விகளின் எண்ணிக்கை கூடினாலே அது ஏறும். கேள்விகளுக்கிடையே சராசரி இணைபு (சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) வெறும் 0.2 இருந்தால், 5 கேள்விக்கு அல்பா 0.56. அதே இணைபில் 20 கேள்வி போட்டால் 0.83. கேள்விகளின் தரம் கொஞ்சமும் கூடவில்லை, எண் மட்டும் கூடிவிட்டது.

லீ குரோன்பாக் 1951இல் அல்பாவைப் பற்றி எழுதினார். அவர் 2001இல் காலமானார். 2004இல் வெளியான அவருடைய கடைசிக் கட்டுரையில், பெரும்பாலான தரவுகளை ஆராய இதுதான் பொருத்தமான வழி என்று தான் இனிக் கருதவில்லை என்று எழுதியிருக்கிறார். அவரே கைவிட்டதை நாங்கள் நம்பிக்கொண்டு இருக்கிறோம்.

தகுதிக்கும் அவரிடமே போகலாம். 1955இல் பால் மீலோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் கட்டமைப்புத் தகுதி என்ற எண்ணத்தை விரித்தார்கள். மனச்சோர்வு, பதற்றம், தன்மதிப்பு போன்றவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. அப்படியானால் அளந்த எண்ணை நம்ப வேண்டுமென்றால் அது கோட்பாடு எதிர்பார்க்கிற மாதிரி நடந்துகொள்ள வேண்டும். எதனோடு கூட வேண்டுமோ அதனோடு கூட வேண்டும், எதனோடு சம்பந்தப்படக் கூடாதோ அதிலிருந்து விலகி நிற்க வேண்டும். பிந்தியதைத்தான் 1959இல் கேம்பலும் ஃபிஸ்கும் வலியுறுத்தினார்கள். ஆகவே எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஒரு பொத்தானை அமத்தினால் தகுதி வராது. அது நீங்கள் ஆதாரம் சேர்த்து வாதாட வேண்டிய விஷயம்.

பழைய மாணவன்:

தங்கச்சி, பயப்படாதேங்கோ. இது பட்டப்படிப்பு ஆய்வேடு, கலாநிதிப் பட்டம் இல்லை. பீஎச்கியூ-9 உலகம் முழுக்கப் பாவிக்கிற, வெளிநாட்டில் தகுதி நிறுவப்பட்ட கருவி. "முன்னைய ஆய்வுகளில் தகுதி நிறுவப்பட்டுள்ளது" என்று மேற்கோள் காட்டினால் போதும். இருக்கிற சில மாதத்தில் எல்லாம் செய்ய ஏலாது.

களப்பதிவு:

போதாது தம்பி. ஏன் போதாது என்று ஒரு கேள்வியை வைத்தே காட்டுகிறேன்.

சுனாமிக்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பல ஆய்வுகளுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டவள் நான். பீஎச்கியூ-9இல் மூன்றாவது கேள்வி நித்திரை பற்றியது: கடந்த 2 வாரத்தில் நித்திரை வரவில்லையா, இடையில் முழிப்பு வந்ததா, அல்லது அளவுக்கு மிஞ்சித் தூங்கினீர்களா. நாலாவது களைப்பு. ஐந்தாவது சாப்பாட்டு விருப்பம். சரி, இனிக் கடற்கரை வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். மனிசன் விடிய முன்னம் கடலுக்குப் போவார். அதற்கு முன் இவள் எழும்பித் தேத்தண்ணி போட்டு, சாப்பாடு கட்டி, அனுப்பிவிட்டுத் திரும்பப் படுக்க மாட்டாள். கரைவலை நேரம் என்றால் விடியக் காலமையே கரையில். பகலில் கருவாடு போடுவது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது. நித்திரை குழம்புகிறதா? ஓம், ஒவ்வொரு நாளும். களைப்பா? ஓம். மூன்று புள்ளி, மூன்று புள்ளி. இன்னும் மனச்சோர்வு பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அதற்குள் 6 புள்ளி. 5 புள்ளி வந்தாலே "இலேசான அறிகுறி" வகுப்புக்குள் போடுகிறோம்.

அந்த 6 அவளுடைய வேலையின் புள்ளி. மனதின் புள்ளி என்று எழுதினால் அவளைப் பற்றிப் பொய் எழுதுகிறோம். வெளிநாட்டு வைத்தியசாலையில் காத்திருந்த நோயாளிகளிடம் நிறுவிய தகுதி இந்த வீட்டுக்குள் தானாக வந்துவிடாது.

கொட்டியாரம்:

அக்கா, என் முன்னோடித் தரவை இப்போதுதான் திறந்து பார்த்தேன். நித்திரை, களைப்பு இரண்டிலும்தான் எல்லோருக்கும் புள்ளி கூட. மற்றக் கேள்விகளில் பெரும்பாலும் 0 அல்லது 1.

மூதூர்க்கரை:

இதைத்தான் நான் எப்போதும் சொல்வது. மேற்கில் செய்த அளவுகோலைத் தூக்கி வந்து எங்கள் சனத்தின் மேல் வைப்பதை நிறுத்த வேண்டும். ஜோசப் ஹென்ரிக்கும் கூட்டாளிகளும் 2010இல் எழுதிய கட்டுரை உளவியலுக்கே பெரிய அடி. உளவியல் ஆய்வுகளில் பங்குபற்றுகிறவர்களில் மிகப் பெரும்பான்மை மேற்கத்தேய, படித்த, கைத்தொழில் மயமான, வசதியான, ஜனநாயக நாட்டு ஆட்கள், அதிலும் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களை வைத்து "மனிதன் இப்படித்தான்" என்று எழுதிவிட்டார்கள்.

இலங்கையிலேயே வேறு வழி காட்டியவர் இருக்கிறார். காயத்ரி பெர்னாண்டோ என்ற உளவியலாளர் இங்குள்ள ஆட்களின் கதைகளைக் கேட்டு, அவர்கள் எதைத் துன்பம் என்று சொல்கிறார்கள், எதை நலம் என்று சொல்கிறார்கள் என்பதிலிருந்து கேள்விகளைக் கட்டி 2008இல் ஓர் அளவீட்டை வெளியிட்டார். குடும்பத்தோடும் ஊரோடும் உள்ள உறவு முறிவதைச் சனம் துன்பத்தின் பக்கத்தில் வைத்துத்தான் பேசுகிறது, வெளிநாட்டுப் பட்டியல்களில் அதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. இறக்கக்கண்டியில் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. நீங்கள் ரமழானில் போனால் சாப்பாடு, நித்திரை, களைப்பு மூன்று கேள்வியும் நோன்பைத்தான் அளக்கும். மார்கழியில் நோன்பு இல்லைதான். ஆனால் இதே ஆய்வை அடுத்து யாராவது திரும்பச் செய்ய வந்தால் அதைக் கவனிக்க வேண்டும். என் கருத்து: பீஎச்கியூவை விடுங்கள், சொந்தமாகச் செய்யுங்கள்.

கணக்கு மேசை:

// பீஎச்கியூவை விடுங்கள், சொந்தமாகச் செய்யுங்கள் //

இதை நான் ஏற்க மாட்டேன். பெர்னாண்டோ செய்தது பல கட்ட வேலை. கதை சேகரித்து, கேள்வி எழுதி, வேறு ஆட்களிடம் சோதித்து, மற்ற அளவீடுகளோடு ஒப்பிட்டு வந்தது. ஒரு மாணவி ஒரு மாதத்தில் எழுதும் பத்துக் கேள்வி அதற்கு ஈடாகாது. அதற்குத் தகுதியும் இராது, வேறு ஆய்வோடு ஒப்பிடவும் முடியாது. குறை தெரிந்த கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, குறை எங்கே என்று ஆராய்ந்து எழுதுவது மேல்.

அதோடு பீஎச்கியூ எதற்குச் செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். 2001இல் வந்த மூல ஆய்வு அமெரிக்கச் சிகிச்சை நிலையங்களில் 6,000 நோயாளிகளிடம் நடந்தது. அவர்களில் 580 பேரை உளநலத் துறையினர் நேர்கண்டு ஒப்பிட்டார்கள். 10 புள்ளியை வெட்டுப்புள்ளியாக வைத்தால் உண்மையில் பெரும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 வீதத்தினரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் 88 வீதத்தினரைச் சரியாக விடுவிக்கிறது. கேட்க நல்ல எண். இனிக் கணக்குப் போடுங்கள்.

1,000 பெண்கள். உண்மையில் 100 பேருக்கு மனச்சோர்வு என்று வைப்போம். 88 பேரைப் பிடிக்கும். மற்ற 900 பேரில் 12 வீதம் தவறாக விழும், அது 108 பேர். மொத்தம் 196 பேருக்கு 10 அல்லது அதற்கு மேல். நீங்கள் "19.6 வீதத்தினர் மனச்சோர்வு உள்ளவர்கள்" என்று எழுதுவீர்கள். உண்மை 10 வீதம். அந்த 196 பேரில் பாதிக்கு மேல் நோய் இல்லாதவர்கள். கருவியில் பிழை இல்லை. அது மேலும் பரிசோதிக்க வேண்டியவர்களைப் பிரித்தெடுக்கச் செய்த வடிகட்டி. ஊரில் எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணச் செய்தது அல்ல. மேலே களப்பதிவு அக்கா சொன்ன நித்திரைப் புள்ளியையும் சேர்த்தால் 88 என்ற எண்ணே இங்கு நிற்குமா என்பது தனிக் கேள்வி.

பழைய மாணவன்:

அப்படிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் போருக்குப் பிறகு செய்த பெரிய ஆய்வும் பிழை என்கிறீர்களா? அது அமெரிக்க மருத்துவ இதழிலேயே வந்தது.

கணக்கு மேசை:

பிழை என்று சொல்லவில்லை. அவர்கள் எப்படி எழுதினார்கள் என்று பாருங்கள். 2009 யூலை முதல் செப்டம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,448 பேரிடம் எடுத்த தரவு, 2011இல் வெளியானது. பதற்றம் 32.6 வீதம், மனச்சோர்வு 22.2 வீதம், மனவடுப் பின்னான நெருக்கீடு 7 வீதம். ஆனால் அவர்கள் எழுதியது "அறிகுறிகள்" உள்ளவர்களின் வீதம் என்று. பத்திரிகைக்கு வரும்போது "அறிகுறி" உதிர்ந்து "யாழில் மூன்றில் ஒருவருக்கு நோய்" ஆகிவிடும்.

பெரிய இதழில் வந்தால் போதும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். 2015இல் 270 பேர் கொண்ட ஒரு கூட்டு முயற்சி, முன்னணி உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 வீதம் புள்ளிவிபர ரீதியில் குறிப்பிடத்தக்க முடிவு காட்டியவை. திரும்பச் செய்ததில் 36 வீதம்தான் காட்டின. அவ்வளவும் மதிப்பான இதழ்கள், மதிப்பான பல்கலைக்கழகங்கள்.

கொட்டியாரம்:

சேர், அப்படியென்றால் மாதிரியின் அளவு? கிரெஜ்சி–மோர்கன் அட்டவணைப்படி 384 வருகிறது. அத்தனை பேரிடம் போக நேரம் இல்லை. கூகுள் படிவம் ஒன்றை மீனவர் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் போட்டால் எண்ணிக்கை வந்துவிடும் என்று தோழி சொல்கிறாள்.

கணக்கு மேசை:

வேண்டாம். அந்த 1970 அட்டவணை எழுமாறாக (சீட்டுக் குலுக்கல் போல) எடுத்த மாதிரிக்கு. கையில் அகப்பட்டவர்களைப் பிடித்து 384 ஆக்கினால் அந்த எண்ணுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற சஞ்சிகை 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வைத்துக்கொண்டு லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் பெருவாரியாக வென்றார். யாரிடம் கேட்டோம், யார் பதில் அனுப்பினார்கள் என்பதில்தான் எல்லாம் கோணலாகிப் போனது.

சங்க வாட்ஸ்அப்பில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள். போன் அவர்கள் கையில். படிவத்தை யார் நிரப்பினார் என்று எப்படித் தெரியும்? மூன்று ஊரிலும் வீட்டுப் பட்டியலிலிருந்து எழுமாறாகத் தெரிந்து, 120 பேரிடம் ஒழுங்காகப் போங்கள். எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். அது 384 படிவத்தைவிட எவ்வளவோ பெறுமதி.

களப்பதிவு:

சேர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் தங்கச்சியின் முதல் பதிவில் ஒரு வரி இருக்கிறது, யாரும் தொடவில்லை. கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு போவது. என்னைப் பொறுத்தவரை இந்த இழையில் அதுதான் பெரிய விஷயம்.

எங்கள் கரையோரச் சனத்துக்கு வினாக்கொத்து புதிதல்ல. போர்க்காலத்தில் பதிவு, இடம்பெயர்ந்தால் பதிவு, 2004க்குப் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு படிவம். படிவத்துக்குப் பிறகு சில வீட்டுக்குப் படகு வந்தது, சில வீட்டுக்கு வலை வந்தது, சில வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஆகவே கழுத்தில் அட்டை, கையில் கோவை, பக்கத்தில் கிராம சேவகர் என்று வரும் ஆளைக் கண்டவுடன் சனம் முதலில் போடும் கணக்கு: இதற்கு என்ன பதில் சொன்னால் பட்டியலில் பெயர் வரும்? அது அவர்களின் பேராசை அல்ல. பட்டறிவு. வருமானம் கேட்டால் குறைத்துச் சொல்வார்கள், கஷ்டம் கேட்டால் கூட்டிச் சொல்வார்கள். தங்கச்சியின் ஆய்வில் இரண்டும் ஒரே படிவத்தில் இருக்கின்றன! வருமானம் குறைவு, மனச்சோர்வு கூட என்று பதில் வரும், கணினி "குறிப்பிடத்தக்க இணைபு" என்று நட்சத்திரம் போடும். அந்த இணைபு மனதில் இருந்து வந்ததா, நிவாரணக் கணக்கில் இருந்து வந்ததா? அல்பாவால் சொல்ல முடியாது. ஒரே எதிர்பார்ப்போடு எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் அல்பா இன்னும் கூடத்தான் செய்யும்.

உளவியலில் இது பழைய சங்கதிதான். மார்ட்டின் ஓர்ன் 1962இல் எழுதினார். பங்குபற்றுநர்களிடம் கட்டுக்கட்டாகக் கூட்டல் கணக்குத் தாள் கொடுத்து, ஒவ்வொரு தாளையும் முடித்தவுடன் துண்டு துண்டாகக் கிழித்துவிட்டு அடுத்ததைச் செய்யச் சொன்னார். அர்த்தமில்லாத வேலை, விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். மணிக்கணக்காகச் செய்துகொண்டே இருந்தார்கள். ஆய்வு என்று சொன்னாலே மனிதர்கள் இது எதற்காக, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று ஊகித்து அதற்கேற்ப நடக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். அங்கே அது ஆய்வுகூடத்தில். இங்கே அதே சங்கதி முற்றத்தில், பின்னால் இருபது வருட நிவாரண அனுபவத்தோடு.

யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதும் அப்படித்தான். ஒரு வீட்டில் இளம் பெண் ஒருத்தி, திண்ணையில் மாமியார் வெற்றிலை இடித்துக்கொண்டு. "மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா?" என்று கேட்டேன். "சீச்சீ, எனக்கென்ன குறை" என்றாள், குரலைக் கொஞ்சம் உயர்த்தி. ஆறேழு கேள்வி அப்படியே போனது, எல்லாம் 0. மாமியார் கிணற்றடிக்குப் போனார். அவள் என் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்து, "அக்கா, அந்த ரெண்டாவது கேள்வியைத் திரும்ப வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். "கடைசிப் பெட்டியில் போடுங்கோ" என்றாள். நான் மாற்றி எழுதினேன். அந்த ஆய்வின் அறிக்கையில் அவள் எத்தனை புள்ளி பெற்றாள் என்பது மாமியாரின் குடத்தில் எவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டது என்பதைப் பொறுத்தது.

ஆகவே தகுதி என்பது தாளில் இருக்கும் கேள்விகளைப் பற்றியது மட்டும் அல்ல. யார் கேட்டார், எங்கே இருந்து, யார் கேட்டுக்கொண்டிருக்க, பதிலால் என்ன கிடைக்கும் என்று அவள் நினைத்தாள் என்பதெல்லாம் அதற்குள் அடங்கும். அத்தியாயம் மூன்றில் இதற்கு ஒரு பக்கம் வேண்டும்.

மூதூர்க்கரை:

அக்கா, இதை வாசித்து எழும்பிப் போய்த் திரும்ப வந்து வாசித்தேன். நான் கேள்விகளை மட்டும்தான் குறை சொன்னேன். எங்கள் சொந்தக் கேள்விகளையே கிராம சேவகரோடு போய்க் கேட்டாலும் இதே நிலைதான். கணக்கு மேசை சேரின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்: பீஎச்கியூ இருக்கட்டும். ஆனால் பத்துப் பதினைந்து பெண்களிடம் படிவம் இல்லாமல் உட்கார்ந்து கதைப்பதும் கட்டாயம் இருக்க வேண்டும்.

கணக்கு மேசை:

சேர்ந்து போகலாம். களப்பதிவு சொன்னதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை. பெண்கள் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள், வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறார்களா என்று இரண்டு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நித்திரைப் புள்ளி எழும்பும் நேரத்தோடு ஏறி இறங்கி, மனம் சோர்தல், தன்னைப் பற்றிய குற்ற உணர்வு போன்ற கேள்விகளோடு சேராமல் நின்றால், அந்தக் கேள்வி இங்கே வேறொன்றை அளக்கிறது என்பதற்கு அது ஆதாரம். அப்போது மொத்தப் புள்ளியை ஒரு தடவையும், உடல் சார்ந்த கேள்விகளை நீக்கி ஒரு தடவையும் ஆய்ந்து இரண்டையும் காட்டுங்கள். கேம்பலும் ஃபிஸ்கும் சொன்னதன் சின்ன உருவம் இது. தேர்வாளர்கள் இதைக் கண்டால் சந்தோஷப்படுவார்கள்.

இனித் தலைப்பு. "தாக்கம்" என்று போட்டிருக்கிறீர்கள். ஒரே தடவை போய், ஒரே நேரத்தில் வருமானத்தையும் மனச்சோர்வையும் கேட்டால் எது எதைப் பாதித்தது என்று தெரியாது. மனம் சோர்ந்தவளால் கருவாடு போட்டு விற்க முடியாமல் வருமானம் குறைந்திருக்கலாம். மனிசனின் குடி இரண்டையுமே கெடுத்திருக்கலாம். உங்கள் வடிவமைப்பு தாங்கக்கூடியது "தொடர்பு" மட்டும்.

மார்கழி என்பதையும் யோசியுங்கள். வாடைக் காலம். எங்கள் பக்கம் கடல் கொந்தளிப்பு, தொழில் படுத்திருக்கும், மழை, வீட்டுக்குள் வெள்ளம். போதாததற்கு மார்கழி 26, சுனாமி வந்த நாள். அந்தக் கிழமை திருக்கடலூரில் போய் மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேட்டால் எந்தப் பெண் என்ன சொல்வாள்? கேம்பலும் ஸ்டான்லியும் 1963இல் அகத் தகுதிக்கு (கண்ட முடிவு நாம் ஆராயும் காரணத்தால்தான் வந்ததா என்பதற்கு) வரும் ஆபத்துகளை அடுக்கும்போது "வரலாறு" என்று ஒன்றைச் சொன்னார்கள். ஆய்வு நடக்கும் காலத்தில் வெளியே நடப்பது முடிவுக்குள் புகுந்துவிடுவது. முடிந்தால் சித்திரைக்குப் பிறகு, கடல் அடங்கிய பின் ஒரு பகுதியை எடுங்கள். முடியாவிட்டால் 26ஆம் திகதிக்குக் கிட்டப் போகாதீர்கள், எடுத்த திகதிகளை அறிக்கையில் போடுங்கள்.

பழைய மாணவன்:

எனக்கு ஒரு சந்தேகம், உண்மையாகத்தான் கேட்கிறேன். சில நிறுவனங்கள் பெண்களுக்கு உளவளத்துணைப் பயிற்சி கொடுத்து, முன் ஒரு தடவை பின் ஒரு தடவை புள்ளி எடுத்து, புள்ளி குறைந்தது என்று காட்டுகின்றன. அது காரண விளைவைக் காட்டும்தானே?

களப்பதிவு:

காட்டாது தம்பி, ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால். ஆட்கள் மிகவும் கஷ்டத்தில் இருக்கும்போதுதான் பயிற்சிக்குச் சேர்க்கிறார்கள். காலம் போகச் சிலருக்குத் தானாகவே குறையும். வாடை முடிந்து கடலுக்குப் போகத் தொடங்கினாலே குறையும்.

வடக்கில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடத்திய ஓர் உளசமூகத் திட்டத்தை வீட்சே டோல் குழுவினர் எழுமாற்றுக் கட்டுப்பாட்டு முறையில் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். 399 பிள்ளைகள். ஒரு பகுதி திட்டத்தில், மறு பகுதி காத்திருப்புப் பட்டியலில். பொதுவாகப் பார்த்தால் முதன்மையான பலன் தெரியவில்லை. நடத்தைப் பிரச்சினைகளில் முன்னேற்றம் இருந்தது, சில ஆண் பிள்ளைகளுக்குப் பயன் தெரிந்தது. ஆனால் மனவடு அறிகுறிகளில், திட்டத்தில் இருந்த பெண் பிள்ளைகளைவிடக் காத்திருந்த பெண் பிள்ளைகளுக்குத்தான் கூடக் குறைந்திருந்தது. காத்திருப்புக் குழு இல்லாமல் முன்-பின் புள்ளி மட்டும் எடுத்திருந்தால் இந்தப் பெண் பிள்ளைகளின் விஷயம் யாருக்கும் தெரிய வந்திராது, "புள்ளி குறைந்தது, வெற்றி" என்று அறிக்கை போயிருக்கும். எனக்கு இதில் கோபமே வரும். முறையியல் என்பது பரீட்சைக்குப் படிக்கும் பாடம் என்று நினைக்கிறோம், பிழையான முறையால் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வரும்.

உளவளம்:

இந்த இழையை இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் உளநலப் பிரிவில் வேலை செய்பவள். யாரும் ஒன்பதாவது கேள்வியைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒன்பதாவது: செத்துப்போனால் நல்லது என்ற எண்ணமோ உங்களையே காயப்படுத்தும் எண்ணமோ வந்ததா. முன்னோடி ஆய்வில் 30 பேரில் யாராவது 0 தவிர வேறு பதில் சொன்னார்களா தங்கச்சி? சொல்லியிருந்தால் அவருக்கு என்ன நடந்தது?

கொட்டியாரம்:

ஒருவர் 1 போட்டிருக்கிறார். படிவத்தைக் குழுவாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினோம், பெயர் எழுதவில்லை. யார் என்று தெரியாது.

இப்போது இதுதான் என் மனதை அரிக்கிறது. பதிவுகள் எல்லாவற்றையும் வைத்து மேற்பார்வையாளருக்குப் புதுத் திட்டம் ஒன்று எழுதினேன். கிராம சேவகர் பட்டியலுக்கு மட்டும், கூட வரமாட்டார். போகும் முன் ஊரில் ஒரு கூட்டம் வைத்து, இதனால் நிவாரணமோ பெயர்ப்பதிவோ எதுவும் கிடையாது என்று தெளிவாகச் சொல்வது. தரவு எடுப்பவர்கள் பெண்கள், ஒவ்வொருவரிடமும் தனியாக. வீட்டில் தனிமை இல்லாவிட்டால் வாசிகசாலையிலோ பாலர் பாடசாலையிலோ. வருமானக் கேள்விகளைப் பீஎச்கியூவுக்குப் பிறகு வைப்பது. முதலில் பத்துப் பெண்களிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, அதை எப்படி விளங்கினார்கள் என்று கேட்பது. எழும்பும் நேரக் கேள்வி. தலைப்பில் "தொடர்பு". கார்த்திகையில் ஒரு ஊர் மட்டும், மற்ற இரண்டும் சித்திரைக்குப் பிறகு, அதற்குக் கால நீடிப்புக் கேட்டிருக்கிறேன். ஒன்பதாவது கேள்விக்கு என்ன செய்ய? எடுத்துவிடவா?

பழைய மாணவன்:

எட்டுக் கேள்வி வடிவம் ஒன்று இருக்கிறதுதானே, பீஎச்கியூ-8. ஒன்பதாவது இல்லாமல். அதைப் பாவிக்கலாம். இந்தத் திட்டம் நன்றாக இருக்கிறது தங்கச்சி. போதும் என்று சொன்னது நான்தான், ஆனால் இப்படிச் செய்ய முடியும் என்றால் இப்படியே செய்யுங்கள்.

உளவளம்:

பீஎச்கியூ-8 சமூக ஆய்வுகளில் பாவிக்கிறார்கள், அது ஏற்கத்தக்கதே. ஆனால் கேள்வியை எடுத்துவிட்டால் அந்த எண்ணம் உள்ள பெண் இல்லாமல் போய்விட மாட்டாள். மற்ற எட்டையும் கேட்கும்போதே சிலர் அழுவார்கள், சிலர் தாங்களாகவே சொல்வார்கள். எதைப் பாவித்தாலும் ஆயத்தம் வேண்டும்.

தரவு எடுக்கும் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் போகும் முன் அரை நாள் பயிற்சி: ஒருவர் அப்படிச் சொன்னால் பதறாமல் கேட்பது, புத்தி சொல்லாமல் இருப்பது, தனியே விட்டுவிட்டு வராமல் இருப்பது. நான் வந்து செய்து தருகிறேன். சம்மதப் படிவத்தில், உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் இரகசியம் பேண முடியாது, உதவிக்கு அறிவிப்போம் என்று முன்கூட்டியே எழுதுங்கள். வைத்தியசாலை உளநலப் பிரிவோடு தரவு எடுக்கும் திகதிகளை முதலே கதைத்து வையுங்கள், அனுப்பினால் அன்றே பார்க்க ஆள் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும், பதில் என்னவாக இருந்தாலும், 1926 எழுதிய சின்ன அட்டை கொடுங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் அது. எல்லோருக்கும் கொடுத்தால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது, வீட்டிலும் கேள்வி வராது. ஒழுக்கவியல் குழு விண்ணப்பத்தில் இவ்வளவையும் தனித் தலைப்பாக எழுதுங்கள்.

பெயர் இல்லாத அந்த ஒருவர் எந்த ஊர்க் குழுவில் இருந்தார் என்று தெரியும்தானே? அந்த ஊருக்கு இந்தக் கிழமையே போவோம். மாதர் சங்கத்தில் ஓர் உளநலக் கூட்டம் என்று வைத்து, அன்று படிவம் நிரப்பிய 30 பேரில் அந்த ஊரவர் எல்லோரையும் அழைப்போம், அட்டையை எல்லோருக்கும் கொடுப்போம். கூட்டம் முடிந்து நான் ஒரு மணித்தியாலம் தனியே இருப்பேன், கதைக்க விரும்புகிறவர்கள் வரலாம். எந்த ஊர் என்று தனிமடலில் அனுப்புங்கள்.

கொட்டியாரம்:

அனுப்பிவிட்டேன் மிஸ். வியாழன் பின்னேரம் மாதர் சங்கத் தலைவியோடு கதைத்துச் சொல்கிறேன்.